மூடு வரலையாம்!

என் மாயாஜால நாவல் ஒன்பதாவது அத்தியாயத்துல நின்னு ஆறு வருஷம் ஆச்சு. கேக்குறவங்ககிட்ட எல்லாம் 'மூடு வரலை'ன்னு சொல்லிட்டிருந்தேன். சுத்தப் பொய்ங்க அது.

மூடு இல்லாமலா ஏழு நாட்டுக்கு மேப் போட்டேன்? டிராகனுக்கு என்ன தீனின்னு எக்செல் ஷீட் வேற (ஆபீஸ்ல கூட இவ்ளோ சின்சியரா போட்டதில்ல!). ராஜாவை யாரு கொல்றதுன்னு எனக்குத் தெரியல... அவ்ளோதான் மேட்டர்.

உடனே 'டோல்கீனே 12 வருஷம் எடுத்துக்கிட்டாரே'ன்னு கிளம்பிடாதீங்க மக்கா. 1937-ல ஆரம்பிச்சு 1949-ல முடிச்சார், சரி. நடுவுல மோரியா சுரங்கத்துல, பாலின் கல்லறைகிட்ட, ஏறக்குறைய ஒரு வருஷம் அவரும் நின்னுட்டார்தான். ஆனா திரும்பி வந்து அங்கேர்ந்தே எழுதினார். எழுதினதை அடிச்சுத் திருத்தித் திரும்ப எழுதினார். நாம? இன்னொரு மேப் போடுறோம்.

கல்கி 1950-லேர்ந்து 1954 வரைக்கும் பொன்னியின் செல்வனை வாராவாரம் எழுதினார். 'இந்த வாரம் மூடு இல்ல'ன்னு சொல்லியிருந்தா வாசகர்கள் சும்மா விட்டிருப்பாங்களா?

மொக்கையா எழுதிடுவோமோங்கிற பயத்துக்கு நாம வெச்சிருக்கிற செல்லப் பேருதான் இந்த மூடு.

நேத்து ராத்திரி சமையக்காரன் கையால விஷம் வெச்சு ராஜாவைக் கொன்னுட்டேன். படு மொக்கை. ஆனா பத்தாவது அத்தியாயம் ஆரம்பிச்சாச்சு.