மூட்டை மலிவு, முட்டை மலிவா?

மாட்டுத் தீனும் கோழித் தீனும் தவிடும் புண்ணாக்கும் கலந்தவையே, ஆகவே மலிவானதை முட்டைக்கோழிக்கு இடலாம் என்னும் வாதம், இலங்கையின் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் தீன் விலை ஏறிய பின், அக்கராயன் போன்ற நெல்விளையும் ஊர்களில் எளிதாக ஏற்கத்தக்கதாகத் தோன்றும். மூலப்பொருள் ஒன்றாயினும் வயிறு ஒன்றா?

முதலாவது, மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் நாரைச் செரிப்பதோடு, சில மாட்டுத் தீன்களில் சேர்க்கப்படும் யூரியாவின் நைதரசனையும் புரதமாக்குகின்றன; கோழிக்கு அவ்விரைப்பை இல்லையாதலால், மொத்த நைதரசனை 6.25ஆல் பெருக்கிப் பையில் அச்சிடும் புரத அளவு அதற்குப் பொருந்தாது.

இரண்டாவது, ஒரு முட்டையோட்டில் மட்டும் சுமார் 2 கிராம் கல்சியம் உள்ளது. இதனாலேயே முட்டைக்கோழித் தீனில் 3.5 முதல் 4 சதவீதம் வரை கல்சியம் சேர்க்கப்படுகிறது. மாட்டுத் தீனில் அதன் சிறு பங்கே உண்டு. குறையைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஈடுசெய்வதால், முதலில் ஓடு மெலிந்து கூட்டிலேயே முட்டை உடைகிறது. பின்னர் கால் தளர்ந்து கோழி எழ இயலாமல் கிடக்கிறது. இவ்விழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

மூன்றாவது, செலவை மூட்டைக்கு அன்று, முட்டைக்கே கணக்கிட வேண்டும்.

முற்றத்தில் மேயும் ஊர்க்கோழிக்கு ஒரு பிடி தவிடு கேடில்லை. அடைத்து வளர்க்கும் முட்டைக்கோழிக்குச் சிக்கனம் தேடுவோர் குறுணலையும் சோளத்தையும் கருவாட்டுத் தூளையும் இடித்த சிப்பியோட்டையும் அளவறிந்து கலக்கலாம். யூரியா கலந்த மூட்டையை அதற்கு அவிழ்க்கக் கூடாது.