உறைந்து நிற்கும் கணிப்பொறி

2024ஆம் ஆண்டு ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை பத்து மணியளவில் உலகெங்கும் அலுவலகக் கணிப்பொறிகள் நீலத் திரையைக் காட்டி நின்றுவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகளே வழங்கப்பட்டன. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு கோப்புதான் காரணம். இருபது தகவல்கள் மட்டுமே தரப்பட்டிருந்த இடத்தில் அது இருபத்தொன்றாவதைத் தேடிற்று. இல்லாததைத் தொட்டவுடன் இயங்குதளமே சாய்ந்தது. சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. இத்தனைக்கும் மருந்து எளியது: 'சேஃப் மோடு' என்னும் பாதுகாப்பு நிலையில் கணிப்பொறியைத் தொடங்கி, அந்தக் கோப்பை நீக்கிவிடுதல். எவரும் எதையும் ஃபார்மேட் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. வீட்டுக் கணிப்பொறி உறைந்துவிட்டது என்று கடைக்குக் கொண்டு சென்றால், நம் ஊர்களில் பெரும்பாலும் கிடைக்கும் விடை, "ஃபார்மேட் போட்டுவிடலாம்" என்பதுதான். அறந்தாங்கிப் பக்கத்தில் நானறிந்த ஒரு குடும்பம். வளைகுடாவில் நெடுங்காலம் உழைத்துத் திரும்பி, சில ஆண்டுகளில் மறைந்த அத்தாவின் நிழற்படங்கள் யாவும் அந்த ஒரு கணிப்பொறியில்தான் இருந்தன. பழுது பார்த்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கணிப்பொறி புதிதாய்த் திரும்பி வந்தது, படங்கள் வரவில்லை. கேட்டிருந்தால் முதலில் அவற்றைப் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ள முயன்றிருக்கலாம்.

ஆகவே, பழுது நீக்குவதற்கு முன் பொருளைக் காப்பாற்றுங்கள். விண்டோஸ் எழவே மறுத்தாலும் வழி உண்டு. வேறொரு கணிப்பொறியில் உபுண்டு அல்லது மின்ட் போன்ற லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, அதிலிருந்தே நம் கணிப்பொறியைத் தொடங்கலாம்; வட்டில் நிறுவ வேண்டியதில்லை. படங்களும் ஆவணங்களும் கண்ணுக்குத் தெரியும். வேறொரு வட்டில் படியெடுத்துக்கொள்ளலாம். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கும். அதற்கு 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி வேண்டும். பெரும்பாலும் அது உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணிப்பொறி நலமாயிருக்கும்போதே அதை ஒரு தாளில் எழுதிப் பத்திரங்களோடு வைத்துவிடுவது நலம். வட்டிலிருந்து 'டிக் டிக்' என்று ஓசை எழுந்தால் வேறெந்தச் சோதனையும் வேண்டாம். அது சாகும் வட்டு. ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பே.

கோப்புகள் ஏன் கெடுகின்றன? நம் மாவட்டத்தில் முதற்காரணமாக நான் கருதுவது மின்சாரம். 2012இல் மணிக்கணக்கில் நீடித்த மின்வெட்டும், 2018 நவம்பர் 16இல் வீசிய கஜா புயலுக்குப் பின் பல நாட்கள் இருளில் கிடந்ததும் எவருக்கும் மறக்காது. கணிப்பொறி வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால், பாதி புதியதும் பாதி பழையதுமாகக் கோப்பு நிற்கும். கடைக் கணக்கர் பேரேட்டில் ஒரு வரியைப் பாதியில் விட்டு எழுந்து போனதைப் போன்றது இது. விண்டோஸ் தனக்கென ஒரு குறிப்பேடு வைத்திருப்பது உண்மையே. ஆனால் அது வட்டின் அடுக்கு முறையைக் காக்குமேயன்றி, கோப்பின் உள்ளடக்கத்துக்கு உறுதி தராது.

எல்லா உறைவும் கோப்புப் பழுதன்று. விசிறியில் படிந்த தூசியால் சூடேறியும் நிற்கும். நினைவகப் பட்டை தளர்ந்தும் நிற்கும். வட்டில் இடமின்றியும் திணறும். உறைந்தவுடன் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருங்கே அழுத்திப் பாருங்கள். எந்த நிரல் கணிப்பொறியைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது பட்டியலில் தெரியும். அதை மட்டும் நிறுத்தலாம். அதற்கும் அசையாவிட்டால்தான் மின்பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும்.

கோப்புப் பழுது என்று ஐயம் தோன்றினால், கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து, எஸ், எஃப், சி என்னும் மூன்றெழுத்துகளைச் சேர்த்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் 'ஸ்கேன்நவ்' என்று ஒரே சொல்லாகத் தட்டுங்கள். விண்டோஸ் 98 காலம் முதல் இருந்துவரும் கருவி இது. சுவடியைப் படியெடுத்தவர் மூலத்தோடு ஒப்புநோக்குவதைப் போல, ஒவ்வோர் இயங்குதளக் கோப்பையும் தன்னிடமுள்ள நல்ல படியோடு ஒப்பிட்டுத் திருத்தும். அந்த நல்ல படியே கெட்டிருந்தால்? அப்போது 'டிஸ்ம்' என்னும் மற்றொரு கருவி, இணையத்தின் வழியே மைக்ரோசாஃப்டிடமிருந்து புதுப்படி பெற்று நிரப்பும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஸ்மை முதலில் ஓட்டிவிட்டு ஒப்புநோக்குதலை அடுத்துச் செய்வதே முறை. எழுத்துக்கூட்டல் சற்று நீளமாதலால், விவரம் அறிந்த கல்லூரிப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம்; வெட்கப்பட ஒன்றுமில்லை.

2011 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் அலமாரியில் உறங்குகின்றன. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் நாளிலும் மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. அந்தப் பழைய பொறிகளில் விண்டோஸைச் சீர்படுத்த மல்லாடுவதைவிட, இலேசான லினக்ஸ் ஒன்றை ஏற்றிச் சிறுவர்களின் தட்டச்சுப் பழக்கத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

மேசைக் கணிப்பொறி வைத்திருப்போர் வீட்டு இன்வெர்ட்டரின் பின்புறத்தை ஒருமுறை பாருங்கள். பலவற்றில் சாதாரண நிலை, யு.பி.எஸ். நிலை என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். மின்விசிறிக்குச் சாதாரண நிலை போதும். கணிப்பொறிக்கு அந்தச் சிறு தாமதமும் தாங்காது. சுவிட்சை யு.பி.எஸ். பக்கம் தள்ளி வையுங்கள்.