பெற்றவளை அழைக்காத பெயர்சூட்டு விழா

பெயர்சூட்டு விழா ஒன்று நடக்கிறது. வாசலில் வாழைமரம், உள்ளே நாகஸ்வரம். குழந்தைக்குப் பட்டுச் சட்டை. வந்தவர்களுக்கெல்லாம் சந்தனம், கற்கண்டு. எல்லாரும் இருக்கிறார்கள், பெற்றவளை மாத்திரம் காணோம்! விசாரித்தால், "குழந்தை எங்களுடையது என்பதற்குப் பத்திரம் இருக்கிறது. அவளை எதற்காக அழைக்க வேண்டும்?" என்று பதில் வருகிறது. இத்தகைய விழாவை நம்மவர்கள் ஒரு நாளும் பொறுக்க மாட்டார்கள். ஆனால் நமது வீட்டுக் கூடத்தில் குழந்தைகள் கண் கொட்டாமல் பார்க்கும் கார்ட்டூன் உலகத்தில் இது நடந்திருக்கிறது.

"பவர்பஃப் கேர்ள்ஸ்" என்னும் தொடரை நேயர்களில் பலர் அறிவார்கள். இன்று இளந்தாய்மார்களாயிருக்கும் சிலர் பள்ளிப் பருவத்தில் அதைப் பார்த்து மகிழ்ந்தவர்களே. முட்டை முட்டையான கண்களையுடைய மூன்று சிறுமிகள் ஆகாயத்தில் பறந்து சென்று, அக்கிரமக்காரர்களை அடக்கிவிட்டுத் தூங்குகிற நேரத்துக்கு வீடு திரும்பிவிடுவார்கள். இவர்களைச் சிருஷ்டித்தவர் கிரெய்க் மெக்ராக்கன் என்னும் அமெரிக்கர். 1992-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவில் மாணவராயிருந்தபோதே சிறியதொரு படமாக இதை அவர் ஆரம்பித்தார். 1998 முதல் 2005 வரை கார்ட்டூன் நெட்வொர்க்கில் இத்தொடர் ஓடிற்று. மூன்று சிறுமிகளுக்கும் குரல் கொடுத்தவர்கள் கேத்தி கவாடினி, டாரா ஸ்ட்ராங், இ. ஜி. டெய்லி என்னும் மூன்று நடிகைகள்.

2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அதே ஸ்தாபனம் தொடருக்குப் புத்துயிர் கொடுத்தது. பெயர் அதே பெயர். சிறுமிகளும் அதே சிறுமிகள். ஆனால் மெக்ராக்கனுக்கு அதில் பங்கில்லை. தலைமை வேறு இருவரிடம் சென்றது. மூன்று சிறுமிகளுக்கும் புதிய குரல்கள் வந்தன. பழைய நடிகைகளை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. இதனால் தாம் அடைந்த வேதனையை டாரா ஸ்ட்ராங் 2015-ஆம் ஆண்டிலேயே பகிரங்கமாகச் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், கதையின் வில்லனான மோஜோ ஜோஜோவுக்குப் பழைய குரலே தொடர்ந்தது. துஷ்டனுக்குக் கிடைத்த மரியாதை கதாநாயகிகளுக்குக் கிடைக்கவில்லை!

ஸ்தாபனத்தின் கட்சியையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். "பணம் போட்டவர்கள் நாங்கள், உரிமை எங்களுடையது. மெக்ராக்கன் அப்பொழுது வேறொரு ஸ்தாபனத்துக்கு வேறொரு தொடர் செய்துகொண்டிருந்தார். புதிய தலைமுறைக் குழந்தைகளுக்குப் புதிய கைகளும் புதிய குரல்களும் வேண்டாமா?" என்று அவர்கள் கேட்கலாம். இவற்றில் எதையும் பொய்யென்று தள்ள முடியாது. ஆனாலும், உரிமை யாருடையது என்பது ஒரு கேள்வி. ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா என்பது மற்றொரு கேள்வி. முதலாவதற்குப் பத்திரம் பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பத்திரம் பதில் சொல்லாது. மனிதர்கள்தாம் பதில் சொல்ல வேண்டும்.

புதுத் தொடர் 2019-ஆம் ஆண்டில் முடிவடைந்தது. பிறகு 2022 ஜூலையில் ஓர் அறிவிப்பு வந்தது: மெக்ராக்கனையே தலைவராக வைத்து மறுபடியும் ஒரு தொடரை உருவாக்கப் போகிறார்களாம்! ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் பெற்றவள் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். முதலிலேயே வந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

விலக்குவதெல்லாம் அநீதி என்று நாம் சொல்ல வரவில்லை. "ரென் அண்ட் ஸ்டிம்பி" என்னும் மற்றொரு தொடரைப் புதுப்பிக்கப் போவதாக 2020-இல் அறிவித்தபோது, அதைச் சிருஷ்டித்தவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2018-இல் அவருடைய நடத்தையைப் பற்றிக் கடுமையான குற்றச்சாட்டுக்கள் எழுந்திருந்தன. குழந்தையின் நன்மைக்காகவே சில சமயம் பெற்றோரைத் தூர நிறுத்த நேரிடும். ஆனால் அங்கே விலக்குவதற்கு ஒரு காரணம் உண்டு. காரணம் எதுவும் சொல்லாமல், கேட்கவும் தோன்றாமல் விலக்குவதைத்தான் நாம் குறை கூறுகிறோம்.

"அமெரிக்காவின் கதை நமக்கெதற்கு?" என்று நேயர்கள் கேட்கக்கூடும். சரி, நமது வீட்டுக்கே வருவோம். சுப்பாண்டியை அறியாத குழந்தை உண்டோ? சொன்னதைச் சொன்னபடியே செய்து எஜமானனைத் திண்டாட வைக்கும் அந்த அசட்டுப் பிள்ளை, 1983-ஆம் ஆண்டில் "டிங்கிள்" என்னும் ஆங்கிலக் குழந்தைப் பத்திரிகையில் தோன்றினான். முதற் கதைகளை எழுதி அனுப்பியவர் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த பி. வரதராஜன், அவனுடைய முகத்தை வரைந்தவர் ராம் வயீர்க்கர். 2007-இல் பத்திரிகை வேறு ஸ்தாபனத்துக்குக் கை மாறியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுப்பாண்டி பல கைகளில் வளர்ந்து வருகிறான். யாரும் யாரையும் வஞ்சித்ததாக நாம் சொல்லவில்லை. ஆனால் சுப்பாண்டியின் பெயரைச் சொன்னதும் சிரிக்கும் பத்துக் குழந்தைகளிடம் அவனைப் படைத்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். பதில் வருவது அரிது.

இவ்விஷயத்தில் நமது தேசத்துச் சட்டம் என்ன சொல்லுகிறது? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்த வேலையில் படைத்தவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆனால் அதே சட்டத்தில் 57-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. உரிமையை விற்றுவிட்ட பிறகும், "இது என் படைப்பு" என்று சொல்லிக்கொள்ளும் பாத்தியதையும், தம் கௌரவம் கெடும்படி அதைச் சிதைத்தால் தட்டிக் கேட்கும் பாத்தியதையும் ஆசிரியரை விட்டு நீங்குவதில்லை என்று அது சொல்லுகிறது.

இந்தப் பிரிவு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. டில்லி விஞ்ஞான பவனத்தின் சுவரில் அமர்நாத் சேகல் என்னும் சிற்பி, 140 அடி நீளமும் 40 அடி உயரமும் உள்ள வெண்கலச் சிற்பம் ஒன்றை அமைத்தார். 1979-இல் அதைப் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். பல பகுதிகள் சேதமடைந்தன. சிற்பி வழக்காடினார். 2005-ஆம் ஆண்டில் டில்லி உயர்நீதிமன்றம், எஞ்சிய சிற்பத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும், 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு அளிக்கவும் தீர்ப்பளித்தது. விலை கொடுத்து வாங்கியது சர்க்காரேயானாலும், படைத்தவனுடைய மானம் விற்பனைக்கு உட்பட்டதன்று என்பது இதனால் விளங்கிற்று.

2012-ஆம் ஆண்டின் திருத்தம் இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. சினிமாவுக்குப் பாட்டெழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டென்றும், அதை அவர்களே விட்டுக்கொடுக்க நினைத்தாலும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாதென்றும் விதித்தது. நல்ல காரியம். ஆனால் அங்கே எழுத்தும் இசையும் சொல்லப்பட்டனவேயன்றிச் சித்திரம் சொல்லப்படவில்லை. கார்ட்டூனில் பாடும் பாட்டை எழுதியவருக்குக் காப்பு உண்டு; பாடுகிற முகத்தை வரைந்தவருக்கு அந்தக் காப்பு இல்லை! இந்தக் குறையை நமது பார்லிமெண்டு நிவர்த்திக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

மறைமலை நகரில் வசிக்கும் நமக்கு "புத்துயிர் கொடுத்தல்" என்பது வெறும் கார்ட்டூன் சமாசாரம் அன்று. நமதூர் ஃபோர்டு மோட்டார் ஆலை உற்பத்தியை நிறுத்தப் போவதாக 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. 2022 ஜூலையில் உற்பத்தி நின்றது. ஏற்றுமதிக்காக மீண்டும் திறக்கும் எண்ணம் 2024 செப்டம்பரில் வெளியாயிற்று. 2025 அக்டோபரில் என்ஜின் தயாரிப்பதற்காகத் தமிழ்நாட்டரசுடன் ஒப்பந்தமும் ஏற்பட்டது. இச்செய்தியைக் கேட்டதும் தொழிலாளர் குடும்பத்தில் முதலில் எழக்கூடிய கேள்வி என்ன? "பழைய ஆட்களைக் கூப்பிடுவார்களா?" என்பதல்லவா? ஆலை யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மோட்டாரைப் பூட்டிய கையும் சித்திரம் வரைந்த கையும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றல்ல என்பதும் உண்மையே. ஆனால் கேள்வியின் வேர் ஒன்றுதான்: முன்பு உழைத்தவரை நினைப்பார்களா, மறப்பார்களா?

இவ்வளவு தூரம் இதைப் பற்றி நாம் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கம்ப்யூட்டரில் சித்திரங்களை அசையச் செய்யும் கலையை நமது பிள்ளைகள் பலர் இப்பொழுது ஆசையுடன் பயிலுகிறார்கள். "படம் போட்டால் சோறு கிடைக்குமா?" என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். சோறு கிடைக்கும். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பார்க்க வேண்டும். உரிமையை எழுதிக் கொடுப்பதானால் எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்தெந்த தேசம், என்ன தொகை என்பதெல்லாம் பத்திரத்தில் இருக்க வேண்டும். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் 19-ஆம் பிரிவு பொருள் கொள்ளுகிறது. "பின்னால் இத்தொடரைப் புதுப்பித்தால் முதலில் என்னைக் கேட்க வேண்டும், என் பெயரைப் போட வேண்டும்" என்று இரண்டு வரி சேர்க்கும்படி கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அது பிள்ளைகள் செய்ய வேண்டியது. நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. குழந்தைகளுடன் உட்கார்ந்து கார்ட்டூன் பார்க்கும்போது, முடிவில் ஓடும் பெயர்களைப் பாதியில் நிறுத்தாமல் ஒருமுறை வாசித்துக் காட்டுவோம். இந்தச் சிரிப்புக்குப் பின்னால் இத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள் என்று இன்று அறிந்துகொள்ளும் குழந்தை, நாளைக்கு ஒரு ஸ்தாபனத்தின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தால், பழையவர்களை ஒரு வார்த்தை கேட்க மறக்காது.