கூம்பு ஸ்பீக்கர்: ஊர்த் திருவிழாவில் தடை, ஆடியோ பிரியர்களிடம் கிராக்கி... ஏன்?

ஆடி பிறந்தால் செய்யாறு, ஆரணி பக்கம் அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள். ஒரு காலத்தில் விழா வந்துவிட்டதை ஊருக்குச் சொன்னதே, மரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர்தான். தறியில் உட்கார்ந்தபடியே பாட்டு கேட்கலாம். இன்று விழாவுக்கு அனுமதி கேட்டுப் போனால், ‘கூம்பு கூடாது, பாக்ஸ் மட்டும்தான்’ என்கிறது போலீஸ். ஆனால், இதே கூம்புத் தத்துவத்தில் செய்த ஸ்பீக்கரை லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கி, வீட்டு ஹாலில் வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

கூம்பு என்னதான் செய்யுது?

தூரத்தில் போகிறவரைக் கூப்பிட வாயருகே கையைக் குவிப்போம் இல்லையா, அதேதான். சாதாரண வீட்டு ஸ்பீக்கரில் மின்சாரத்தில் சுமார் 1 சதவீதமே ஒலியாகிறது. மிச்சம் சூடாகி வீண். அதிரும் தகட்டுக்கும் காற்றுக்கும் நடுவே கூம்பு இருந்தால், அது 10 சதவீதத்தையும் தாண்டலாம். அதாவது, சாதாரண ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் தேவைப்படும் சத்தத்துக்கு இதற்கு 10 வாட்ஸ் போதும்.

பேசும் படம் வந்த புதிதில் ஆம்ப்ளிஃபையர்களின் சக்தி மிகக் குறைவு. கூம்புகள்தான் தியேட்டரை நிறைத்தன. 1946-ல் அமெரிக்கப் பொறியாளர் பால் கிளிப்ஷ், அறை மூலையின் சுவர்களையே கூம்பின் நீட்சியாக்கி ‘கிளிப்ஷ்ஹார்ன்’ ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். அது இன்றும் விற்பனையில் இருக்கிறது.

பிரியர்களைக் கட்டிப்போடுவது எது?

தகடு கொஞ்சம் அசைந்தாலே போதும் என்பதால் ஒலி சிதைவது குறைவு. தவில் அடி எதிரில் விழுவது போலக் கேட்கும். 8 வாட்ஸ் வால்வ் ஆம்ப்ளிஃபையரே தாராளம்.

குறையும் உண்டு. பேஸ் வேண்டுமென்றால் கூம்பு பிரம்மாண்டமாக இருக்க வேண்டும். வடிவமைப்பு சரியில்லை என்றால் பாடகர் மூக்கால் பாடுவது போலிருக்கும். திருவிழாக் கூம்பு பேச்சு தூரமாகப் போய்ச் சேரச் செய்யப்பட்டது. அதில் பேஸ் கிடையாது. ஆம்ப்ளிஃபையரையும் முழுசாகத் திருகிவிட்டால் காது கிழியும். கெட்ட பெயர் வந்தது அப்படித்தான்.

அப்போ, தடை சரியா?

கூம்பின் சத்தம் தெரு தாண்டிப் போகும். பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அது வேதனைதான். ஆனால், மத்திய அரசின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வடிவத்தைப் பற்றிப் பேசவில்லை. நேரத்தையும் அளவையும்தான் சொல்கின்றன: பொது இடங்களில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது; குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45.

கூம்பை இறக்கிவிட்டு, சுவரே அதிரும் டிஜே பாக்ஸ்களை அடுக்கினால் யாருக்கு நிம்மதி? பழைய கூம்புகளை வைத்திருந்த மைக் செட்காரருக்குத்தான் நஷ்டம். போலீஸ் கையில் டெசிபல் மீட்டர் வேண்டும். வரம்பைத் தாண்டினால், கூம்போ பாக்ஸோ, எதுவானாலும் நிறுத்த வேண்டும்.