ஏமாளிகள் என்று யார் சொன்னது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

சில நாட்களுக்கு முன் தரம் 10 வகுப்பில் ஐரோப்பியர் புதிய நாடுகளைத் தேடிப்போன பாடம் நடந்தது. வட அமெரிக்காவின் பூர்வகுடி மக்கள் பாசிமணிக்கும் கத்திக்கும் விலையுயர்ந்த மிருகத் தோல்களைக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது: "சேர், அவங்க அவ்வளவு ஏமாளியா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு உறுத்தத் தொடங்கியது. இத்தனை வருடமாக இந்தக் கதையை நான் இதே தொனியில்தான் சொல்லி வந்திருக்கிறேன். அது பிழை. அடுத்த பாடவேளையில் பிள்ளைகளிடம் திருத்திக்கொண்டேன். நம்மில் பலருக்கும் தெரிந்தது அந்தப் பிழையான கதைதான் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் வியாபாரத்தைப் பார்ப்போம். அந்தக் காலத்து ஐரோப்பாவில் வசதியுள்ளவர்கள் தொப்பி இல்லாமல் வெளியே போகமாட்டார்கள். நல்ல தொப்பி செய்ய பீவர் என்ற விலங்கின் முடி வேண்டும். அது ஆற்றில் மரக்கிளைகளால் அணை கட்டி வாழும் விலங்கு. அதன் மெல்லிய உள்முடியை அழுத்தினால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணிபோல இறுகிவிடும். ஐரோப்பாவில் அந்த விலங்கை வேட்டையாடியே ஏறக்குறைய முடித்துவிட்டார்கள். அதனால் கடல் கடந்தார்கள். நம் கரையோரத்தில் கறுவாவுக்காக வந்து கோட்டைகளில் இருந்த ஒல்லாந்தர், அதே 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றங்கரையில் பீவர் தோலுக்காகக் கோட்டை போட்டிருந்தார்கள். கம்பனிதான் வேறு.

இப்போது மற்றப் பக்கத்திலிருந்து பாருங்கள். தொப்பிக்காரர்கள் அதிகம் விரும்பியது புதுத் தோலை அல்ல. பூர்வகுடி மக்கள் ஓரிரு வருடம் மேலங்கியாக உடுத்துக் கழித்த தோலைத்தான். உடம்பில் உரசி உரசி வெளியே உள்ள முரட்டு முடி உதிர்ந்துபோயிருக்கும். அதாவது, அவர்கள் கொடுத்தது பழைய உடுப்பு. வாங்கியது இரும்புக் கோடரி, செப்புப் பாத்திரம், கத்தி, ஊசி. கல்லால் மரம் வெட்டிய கைக்கு இரும்புக் கோடரி எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். போல் லெ ஜூன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1630களில் இன்னு மக்களோடு ஒரு பனிக்காலம் தங்கியிருந்தார். ஒரு தோலுக்கு இருபது கத்தி தருகிற ஆங்கிலேயருக்குப் புத்தியில்லை என்று அங்கே ஒருவர் சிரித்ததை அவர் எழுதிவைத்திருக்கிறார். ஆக, அங்கேயும் ஒரு சிரிப்பு இருந்தது. நாம் சிரித்ததற்கு நேர் எதிர்ப்பக்கச் சிரிப்பு.

கிறீ மக்கள் ஆங்கிலேயரின் கோட்டைக்குப் போவார்கள், பிரெஞ்சுக்காரரிடமும் விலை கேட்பார்கள். அளவு குறைந்தால் தர்க்கம் பண்ணுவார்கள், தரமில்லாத துப்பாக்கியைத் திருப்பிக் கொடுப்பார்கள். வாங்கிய சாமானைச் சில காலம் பாவித்துவிட்டு, உள்நாட்டில் கோட்டைப் பக்கம் வராத மக்களிடம் கூடிய விலைக்கு விற்றார்கள். நம்மூர்ச் சந்தையில் இருக்கிற எந்த வியாபாரிக்கும் அவர்கள் குறைந்தவர்கள் இல்லை.

அவர்கள் இல்லாமல் இந்த வியாபாரம் ஒருநாளும் நடந்திருக்காது. மரப்பட்டைத் தோணி, பனியில் நடக்கும் பாதணி, வருடக்கணக்கில் கெடாத காய்ந்த இறைச்சி, ஆற்றுப் பாதைகள் எல்லாம் அவர்களுடையவை. பெண்களின் பங்கு இன்னும் பெரியது. தனடெல்தூர் என்ற டெனே இனப் பெண்ணைப் பற்றி வகுப்பில் சொன்னேன். கிறீ மக்களிடம் சிறைப்பட்டிருந்து தப்பி, 1714இல் ஹட்சன் விரிகுடாக் கம்பனியின் கோட்டைக்கு வந்து சேர்ந்தவர். அடுத்த வருடம் இரு இனத்துக்கும் சமாதானம் பேசப் போன குழுவில் போனார். பசியாலும் நோயாலும் குழு சிதறியது. மிஞ்சியவர்களை ஓரிடத்தில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, தனியாகப் பனியில் போய், பத்தாம் நாள் தன் மக்களில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கூட்டி வந்தார். பேசிப் பேசிக் குரல் கட்டிப்போயிருந்ததாம். 1717இல் நோயில் இறந்தார். கம்பனியின் குறிப்பேட்டில் அவருக்குப் பெயர் இல்லை. 'அடிமைப் பெண்' என்றுதான் இருக்கிறது. பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் அவருடைய மக்கள், வாய்வழியாக.

அப்படியென்றால் இவர்கள் எப்படி வீழ்ந்தார்கள்? பாசிமணியால் அல்ல.

நோய் வந்தது. 1781-82இல் பெரியம்மை உள்நாடு முழுக்கப் பரவியது. 1837இல் மிசூரி ஆற்றில் ஒரு தோல் கம்பனியின் நீராவிக் கப்பலோடு திரும்பவும் வந்தது. மண்டான் இனத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருந்தவர்கள் இருநூறுக்கும் கீழே வந்துவிட்டார்கள். கம்பனிகளின் போட்டியில் சாராயம் ஆறாக ஓடியது. மாரிக்கு முன்னர் சாமான் கடனாகக் கொடுத்து, வேட்டை முடிந்ததும் தோலாகக் கழிக்கும் முறையில் குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. கடன் கொப்பியின் கதை நமக்குப் புதிதா? 1821இல் போட்டிக் கம்பனிகள் இரண்டும் ஒன்றாகின. அதற்குப் பிறகு பல இடங்களில் விலை பேச இன்னொரு கடை இல்லை. அமெரிக்கர்கள் வரக்கூடாது என்பதற்காக, மேற்கே ஸ்னேக் ஆற்றுப் பக்கம் பீவரே மிஞ்சாதபடி பிடித்து முடிக்கக் கம்பனியே கட்டளை போட்டது. பிறகு ஐரோப்பாவில் பட்டுத்தொப்பி நாகரிகம் வந்தது. தோலின் விலை விழுந்தது.

ஆனால் பெரிய ஏமாற்று நடந்தது சந்தையில் அல்ல, கடதாசியில்.

1670இல் இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் ஒரு சாசனம் எழுதினார். ஹட்சன் விரிகுடாவில் விழும் ஆறுகள் பாயும் நிலம் முழுவதும் கம்பனிக்கு என்றார். இன்றைய கனடாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அந்த நிலத்தை மன்னர் கண்ணாலும் கண்டதில்லை. அங்கு வாழ்ந்தவர்களுக்கு அப்படி ஒரு கடதாசி இருப்பதே தெரியாது. 200 வருடம் கழித்து, 1870இல், கம்பனி அந்த நிலத்தைக் கனடாவுக்குக் கைமாற்றி 300,000 பவுண் வாங்கியது. போதாததற்கு வளமான பகுதியில் இருபதில் ஒரு பங்கைத் தனக்கு வைத்துக்கொண்டது. வாழ்ந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன்னிடம் இல்லாததை விற்கக் கூடாது என்று நம்முடைய மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும்.

அவர்கள் சும்மா இருக்கவும் இல்லை. கலப்பு வம்சத்தவரான மெட்டி மக்கள் லூயி ரியேல் தலைமையில் எழுந்து நின்றார்கள். மனிடோபா மாகாணம் அப்படித்தான் உருவானது. ரியேலை 1885இல் தூக்கிலிட்டார்கள். 1874இல் குவாப்பெல் என்ற இடத்தில் அரசாங்கம் உடன்படிக்கை பேச வந்தபோது, பாஸ்குவா என்ற தலைவர் அங்கே நின்ற கம்பனி ஆளைக் காட்டிக் கேட்டாராம்: நிலத்தை 300,000 பவுணுக்கு விற்றதாகச் சொன்னாயே, அந்தக் காசு எங்களுக்குத்தான் வரவேண்டும் என்று. ஏமாளி கேட்கிற கேள்வியா இது? உறுதிப் பத்திரம் தெரிந்த சட்டத்தரணி கேட்கிற கேள்வி.

அந்தக் கம்பனி 355 வருடம் இருந்தது. கடைசியில் பெரிய கடைத்தொகுதிகளாக நடந்து, கடனில் மூழ்கி, 2025 ஜூன் மாதம் கடைகளை மூடியது. அந்த மக்கள் இன்றும் இருக்கிறார்கள். தங்கள் நிலத்துக்காக இன்றும் நீதிமன்றம் ஏறுகிறார்கள்.

இதை ஏன் நம் ஊர்க்காரர்களுக்கு எழுதுகிறேன்? அநியாயம் செய்யப்பட்டவனை ஏமாளி என்று சிரிக்கப் பழகிய பிள்ளை, அநியாயம் செய்தவனைக் கெட்டிக்காரன் என்று மெச்சவும் பழகிவிடும். நாளைக்கு நம் பக்கத்து வீட்டுக்காரன் காணியை இழந்து நிற்கும்போதும் அதே பிள்ளை அதே சிரிப்பைத்தான் சிரிக்கும். ஆகவே வீட்டில் இந்தக் கதை வந்தால் சரியாகச் சொல்லுங்கள். 'செவ்விந்தியர்' என்ற சொல்லையும் விட்டுவிடுவோம். அவர்களுக்குச் சொந்தப் பெயர்கள் இருக்கின்றன: கிறீ, டெனே, இன்னு, மண்டான்.

பாடம் முடிந்து வெளியே வரும்போது அதே பின்வாங்குப் பிள்ளை பின்னால் வந்தது.

"சேர், அவருக்கு அந்தக் காசு கிடைச்சதா?"

"இல்லை மகன்," என்றேன்.

இந்த முறை அவன் சிரிக்கவில்லை.