விண்கலம் செய்தவர்களின் இரவு

சிங்கப்பூரின் ஒன்-நார்த்தில் நிற்கும் சாண்ட்கிராலர் கட்டடத்துக்குப் பெயரும் உருவமும் 'ஸ்டார் வார்ஸ்' வண்டி தந்தவை. நம் ஊர்க் கலைஞர்கள் ஹாலிவுட் அறிவியல் புனைவுக்கு உழைத்ததன் அடையாளம் அது. 2023 ஆகஸ்டில், அங்கே இயங்கிய காட்சி விளைவு நிறுவனமான ஐஎல்எம்மின் சிங்கப்பூர்க் கிளையை மூடுவதாக டிஸ்னி அறிவித்தது. 300க்கும் அதிகமானோரின் வேலை போனது.

அடுத்த மாதமே அமெரிக்காவில் மார்வெலின் காட்சி விளைவு ஊழியர்கள் ஒருமனதாகச் சங்கத்தில் சேர வாக்களித்தார்கள். இங்கே? உடலுழைப்பாளர் அல்லாதோரில், மாத அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளிக்குள் இருந்தால்தான் மிகைநேர ஊதியம் சட்டப்படி உண்டு. 2019இல் வைத்த வரம்பு இது. அனுபவமுள்ள கலைஞர் அதை எளிதில் தாண்டிவிடுவார். அப்புறம் விடிய விடிய உழைத்தாலும் ஒப்பந்தத்தில் எழுதியதுதான் கணக்கு. லிட்டில் இந்தியாவில் அறிவியல் புனைவுப் படமான '2.0'வுக்கு விசிலடித்த நமக்கு இது உறைப்பதில்லை. மனிதவள அமைச்சு இந்த வரம்பை உயர்த்த வேண்டும்.