கட்டிய இடுப்பும் விடுகிற மூச்சும்

பங்குனியிலிருந்து ஆடிவரை புதுச்சேரியிலும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களிலும் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது. விடிய விடியப் பாடும் இந்தக் கலைஞர்களும் தொழில்முறைப் பாடகர்களே. ஆனால் பாடகர் என்றதும் குரல் சிகிச்சைத் துறையினரான நமக்குச் சபா மேடைதான் நினைவுக்கு வருகிறது. புதுச்சேரியின் தேங்காய்த்திட்டில் இருந்துகொண்டு இந்த இதழை நடத்தும் நாம் அப்படி இருக்கலாகாது.

கூத்தாடியின் மூச்சைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, நெஞ்சில் மார்ப்பதக்கம், எல்லாம் மரம். பாவாடைகளை அடுக்கடுக்காக இடுப்பில் இறுக்கிக் கட்டியிருப்பார். திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடிவிட்டு, திரை விலகியதும் சுழன்று ஆடிக்கொண்டே உச்ச சுருதியில் பாட்டைத் தொடர வேண்டும். அவரிடம் போய் "வயிற்றால் மூச்செடுங்கள்" என்கிறோம். வயிறு எங்கே அசையும்? நம் பேச்சைக் கேட்டு வயிற்றை முட்டித் தள்ளினால் குரல்வளை இறுகும், குரல்நாண்கள் மோதும். அந்த மோதல் ஓயாமல் தொடர்ந்தால் முடிச்சு விழும்.

அவருக்கு விரியக்கூடிய இடம் கீழ் விலாவின் பக்கவாட்டும் முதுகுப்புறமும்தான். அங்கே உள்ளங்கையை வைத்துப் பழக்குங்கள். நாற்காலியில் உட்காரவைத்து "ஆ" எத்தனை நொடி நிற்கிறது என்று அளப்பது பதிவேட்டுக்கு உதவும். மேடையில் அவர் படும் பாட்டை அது காட்டாது. ஒரு துண்டை அவர் இடுப்பில் இறுகக் கட்டி, இரண்டு சுற்று ஆடவிட்டு, அவருடைய சுருதியிலேயே பாடச் சொல்லிக் கேளுங்கள். எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதைவிட, அதை எவ்வளவு நிதானமாக விடுகிறார் என்பதையே கவனிக்க வேண்டும். மூச்செடுக்கும் இடமும் கூத்துக்குள்ளேயே இருக்கிறது. பின்பாட்டுக்காரர் அடியைத் திருப்பிப் பாடுகிறாரே, அப்போது ஆட்டக்காரரும் கூடவே கத்தாமல் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இந்த ஒன்றைப் பழக்கினாலே இரவின் பாரம் வெகுவாகக் குறையும்.

ஒப்பனை நேரத்தில் செய்யக்கூடியது குழாய்ப் பயிற்சி. சுமார் 35 செ.மீ. நீளச் சிலிக்கன் குழாயின் நுனியை பாட்டில் தண்ணீரில் 2, 3 செ.மீ. ஆழத்தில் வைத்து, குமிழி விட்டபடி மெல்லக் குரல் கொடுப்பது. தண்ணீரின் எதிரழுத்தம் குரல்நாண்களுக்கு மேலே நின்று மோதலைத் தணிக்கிறது. பின்லாந்தில் வளர்ந்த இந்த முறைக்கு மின்சாரம் வேண்டாம், தனி அறையும் வேண்டாம். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால், காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்வளையைப் பார்த்த பிறகுதான் எந்தப் பயிற்சியும்.

1854-இல் கண்ணாடி வைத்துத் தன் குரல்நாண்களைத் தானே பார்த்த மனுவேல் கார்சியா ஒரு பாட்டு வாத்தியார். பாடகர்களிடம் நம் துறை பட்ட கடன் அவ்வளவு பழையது.

ஆடி முடிந்து கலைஞர்களுக்கு ஓய்வு கிடைக்கும் ஆவணி, புரட்டாசிதான் சிகிச்சைக்கு ஏற்ற காலம். அவர்களாக வருவார்கள் என்று காத்திருக்காமல் கூத்துக் குழுவான ஜமாவின் வாத்தியாரைத் தேடிப் போய்ப் பேசுங்கள். ஆர்மோனியக்காரரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். சுருதியை அரைக் கட்டை இறக்குவதென்றால் அவர் சம்மதம் வேண்டும்.